பைத்தானில் இரண்டு பட்டியலை ஒரே சுற்றில் ஓட்டுவது எப்படி?

விடியுமுன்னே கம்பத்திலிருந்து ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி, இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். சாயங்காலம் அவரவர் சாக்கைத் தூக்கி எடை போடுவார்கள். என் சித்தி கணக்கு எழுதும் தோட்டத்தில் பெயர் ஒரு நோட்டில், எடை தனிச் சீட்டில். இரண்டையும் சேர்க்க அவருக்கு எழுதிக் கொடுத்ததைத்தான் இங்கே சொல்லித் தருகிறேன்.

முதலில் பட்டியல்கள்:

பெயர்கள் = ["செல்வி", "மாரியம்மாள்", "பேச்சியம்மாள்", "லட்சுமி"]
எடைகள் = [18, 22, 15, 20]

பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கீழே வரும் ஃபார், இன், ஜிப், பிரிண்ட், ஸ்ட்ரிக்ட், ட்ரூ ஆகியவற்றை மட்டும் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ட்ரூவுக்கு முதல் எழுத்து பெரியது. மற்றதெல்லாம் சின்ன எழுத்து.

அடுத்து சுற்று (லூப்). இதில் ஜிப் இரண்டு பட்டியலிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்து ஜோடி சேர்க்கும்:

ஃபார் பெயர், எடை இன் ஜிப்(பெயர்கள், எடைகள்):
    பிரிண்ட்(பெயர், எடை)

முதல் வரிக் கடைசியில் முக்காற்புள்ளி (:) வேண்டும். இரண்டாம் வரியை நான்கு இடம் உள்ளே தள்ளுங்கள். ஓட்டினால் "செல்வி 18", "மாரியம்மாள் 22" என்று நான்கு வரி வரும். ரேஞ்ச், லென் போட்டு எண் வழியாகவும் செய்யலாம். ஜிப் இருக்கும்போது அது தேவையில்லை.

இனிமேல்தான் கவனம் வேண்டும். சீட்டைப் பார்த்துத் தட்டும்போது 22 விட்டுப்போனதாக வையுங்கள். எடைகள் [18, 15, 20] ஆகிவிடும். மறுபடி ஓட்டினால்:

செல்வி 18
மாரியம்மாள் 15
பேச்சியம்மாள் 20

பிழைச் செய்தியே வராது. மாரியம்மாளுக்கு 7 கிலோ குறைந்துவிட்டது, பேச்சியம்மாளுக்கு 5 கிலோ கூடிவிட்டது, லட்சுமி ஆளையே காணோம். சின்னப் பட்டியல் தீர்ந்ததும் ஜிப் சத்தமில்லாமல் நின்றுவிடும் என்பதுதான் காரணம். ஒரு நாள் முழுக்கக் குனிந்து எடுத்த காய் கணக்கில் இல்லாமல் போவது சின்ன விஷயம் இல்லை.

அதனால் எப்போதும் இப்படி எழுதுங்கள்:

ஃபார் பெயர், எடை இன் ஜிப்(பெயர்கள், எடைகள், ஸ்ட்ரிக்ட்=ட்ரூ):

2021-இல் வந்த பைத்தான் 3.10 முதல் இது உண்டு. நீளம் ஒத்துவராவிட்டால் வேல்யூஎரர் என்று நிறுத்திவிடும். ஆனால் நிறுத்துவதற்கு முன் அந்த மூன்று தப்பு வரியும் திரையில் வந்திருக்கும். அதை நம்பிக் கூலி பிரித்துவிடாதீர்கள்.

பைத்தானோடு வரும் ஐட்டர்டூல்ஸ் தொகுப்பில் உள்ள ஜிப்_லாங்கஸ்ட் போடலாமே என்பார்கள். அது இல்லாத எடைக்குக் கடைசியில் "நன்" (ஒன்றுமில்லை) என்று நிரப்பும். விட்டுப்போனது மாரியம்மாளின் எடை. வெறுமையாக நிற்பதோ லட்சுமி. இந்தக் கணக்குக்கு அது ஆகாது.

ஸ்ட்ரிக்டும் நீளத்தைத்தான் பார்க்கும், வரிசையைப் பார்க்காது. பெயர்களை மட்டும் அகர வரிசைப்படுத்தினால் மாரியம்மாள், பேச்சியம்மாள் இருவர் எடையும் ஆள் மாறிவிடும், பிழையும் வராது. முடிந்தால் தொடக்கத்திலேயே ஜோடியாக வையுங்கள்:

கணக்கு = [("செல்வி", 18), ("மாரியம்மாள்", 22)]
ஃபார் பெயர், எடை இன் கணக்கு:
    பிரிண்ட்(பெயர், எடை)

இதற்கு ஜிப்பே வேண்டாம். சித்தியும் இப்போது தராசடியிலேயே, பெயருக்கு நேரே எடையை எழுதிக்கொள்கிறார்.