அப்பப்பாவின் மொறிஸ் மைனர் பிக்கப்: எஞ்சினுக்கு முதல் பிறேக்

எங்கள் வளவில் மாமரத்துக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டிலுக்குள் பதினான்கு வருடங்களாக அசையாமல் நின்றது அப்பப்பாவின் 1960ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் பிக்கப். யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சந்தைக்கு வெங்காயமும் மரவள்ளியும் ஏற்றிப்போன வண்டி. இந்தத் தைப்பொங்கலுக்கு அப்பம்மாவை முன்சீற்றில் இருத்தி அதில் கோயிலுக்குப் போய்வந்தோம். ஏழு மாத வேலை, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில். இதே போல ஒரு வண்டி வீட்டில் நின்று, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

சக்கரம் கழற்றுவது போன்றவற்றை இங்கே விளக்கவில்லை. ஒன்றே ஒன்று: ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகாதீர்கள். ஸ்ராண்ட் வையுங்கள், இல்லையென்றால் தடித்த பனங்குற்றி வையுங்கள். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் வேண்டாம், அவை சொல்லாமல் உடையும்.

தொடங்க முதல்: ரின்னும் படமும்

மொறிஸ் மைனர் கார் 1948இல் வந்தது. பிக்கப்பும் வானும் 1953இல் வந்து 1971 வரை செய்யப்பட்டன. காருக்கு அடியில் தனி இரும்புச் சட்டம் (சாசி) கிடையாது, பிக்கப்புக்கு உண்டு. ஆகவே முதலில் பார்க்கவேண்டியது அந்தச் சட்டத்தைத்தான். சின்னச் சுத்தியலால் நெடுகத் தட்டிக்கொண்டு போங்கள். கணீர் என்றால் இரும்பு, மொத்தென்றால் துரு. பின் வில்லுத்தட்டுகள் பூட்டியிருக்கும் இடங்களில் நின்று நிதானமாகத் தட்டுங்கள். எங்களுக்கு இரண்டு இடத்தில் வெல்டிங் தேவைப்பட்டது. அதை நாங்கள் செய்யவில்லை, தெரிந்தவரிடம் கொடுத்தோம்.

கழற்றும் ஒவ்வொரு பகுதியையும் போனில் படமெடுங்கள். ஆணிகளைப் பால்மா ரின்களில் போட்டு, எந்த இடத்து ஆணி என்று கடதாசியில் எழுதி உள்ளே போடுங்கள். எங்கள் வீட்டில் இது அம்மாவின் பொறுப்பு. இருபத்தாறு ரின். கடைசியில் ஒரு ஆணிகூட மிஞ்சவில்லை, ஒன்றுகூடக் குறையவுமில்லை.

பிறேக்

எல்லோருக்கும் எஞ்சின் சத்தத்தைத்தான் முதலில் கேட்க ஆசை. எனக்கும் அப்படித்தான். இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) டிப்போவில் முப்பது வருடம் பஸ் திருத்திய சித்தப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "எஞ்சின் ஸ்ராட் ஆனா நீ ஒருக்கா ஓட்டிப் பாக்காம இருக்கமாட்டாய். முதல் பிறேக்கைச் செய், தம்பி" என்றார். அவர் சொன்ன வரிசையையே உங்களுக்கும் சொல்கிறேன்.

பெடலை மிதித்ததும் பிறேக் ஒயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது மாஸ்ரர் சிலிண்டர். இந்த வண்டியில் அது எங்கே என்று தேடி பொனற்றைத் திறக்காதீர்கள். அது சாரதியின் காலுக்குக் கீழே, சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. தரைத்தகட்டைக் கழற்றினால் தெரியும். பிடித்திருப்பவை இரண்டு நீள ஆணிகள். நட்டைக் கழற்றியபின்பும் ஆணி வெளியே வராது. பக்கத்தில் போகும் ரோர்ஷன் பார் (முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) குறுக்கே நிற்கும். நாங்கள் இரண்டு ஞாயிறு அதோடு மல்லுக்கட்டினோம். கடைசியில் ஆணிகளை அரத்தால் அறுத்து எடுத்தோம். புது ஆணிகளைப் பூட்டும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து செருகினோம், தலை உள்பக்கம், நட்டு ரோர்ஷன் பார் பக்கம். இனி யார் கழற்றினாலும் பத்து நிமிட வேலை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

சிலிண்டரைப் பிரிக்க, பின்முனையில் இருக்கும் சேர்கிளிப்பை (பிடித்துவைக்கும் வளையக் கிளிப்) எடுத்தால் போதும். பிஸ்டன், வாஷர், றப்பர், ஸ்பிரிங், வால்வு என்று ஒவ்வொன்றாக வரும். வந்த ஒழுங்கிலேயே ஒரு துணியில் அடுக்கிப் படமெடுங்கள். உள்சுவர் வழவழப்பாக இருந்தால் றப்பர் மாற்றிப் பாவிக்கலாம். நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் குழி இருந்தால் புது சிலிண்டர்தான். பிரித்தானியாவில் மைனருக்கு இன்றும் புதுப் பாகங்கள் கிடைக்கின்றன. லண்டனிலுள்ள சின்ன மாமா றப்பர் செற்றையும் சக்கர சிலிண்டர்களையும் சட்டைகளுக்கு இடையில் சுற்றி அனுப்பிவைத்தார். பாகங்களைக் கழுவ ஸ்பிரிற் அல்லது பிறேக் ஒயில் மட்டும். பெற்றோலோ மண்ணெண்ணெயோ பட்டால் இந்த றப்பர் ஊதிப்போகும்.

இப்போது நான் விழுந்த குழி. இதை ஆறுதலாக வாசியுங்கள்.

எல்லாம் பூட்டி, காற்றெடுத்து (பிறேக் லைனுக்குள் நிற்கும் காற்றை வெளியேற்றி), வளவுக்குள் தள்ளிப் பார்த்தோம். பிறேக் அருமையாகப் பிடித்தது. நாலைந்து தடவை மிதித்தபிறகு வண்டி அசையவே மறுத்தது. நாலு சக்கரமும் இறுகிவிட்டன. பிறேக் சூ பெரிதாகிவிட்டது என்று நினைத்து நாலு ட்ரம்மையும் கழற்றிப் பார்த்தேன். அரை நாள் வீண். சித்தப்பா வந்து ஒரு சக்கரத்தின் காற்றெடுக்கும் ஆணியைச் சற்றே தளர்த்தினார். ஒயில் சீறி வெளியே வந்தது, சக்கரங்கள் இளகிவிட்டன. "காலை எடுத்த பிறகும் லைனுக்குள்ள அமுக்கம் நிக்குது. பிழை மாஸ்ரருக்குள்ள" என்றார்.

காரணம் இதுதான். மாஸ்ரர் சிலிண்டருக்கும் அதன் ஒயில் தொட்டிக்கும் இடையே இரண்டு துளைகள் உண்டு. ஒன்று பெரியது, கண்ணுக்குத் தெரியும். மற்றது ஊசிமுனை அளவு. பெடலில் இருந்து காலை எடுத்ததும் றப்பர் பின்வாங்கி அந்தச் சின்னத் துளையைத் திறக்கும். அதன் வழியே மிஞ்சிய ஒயில் தொட்டிக்குத் திரும்பும். துளை அடைபட்டிருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் ஒயில் லைனுக்குள் போகும், திரும்பி வராது. பிறேக் இறுகிக்கொண்டே போகும். நான் உள்சுவரை மெல்லிய அரத்தாளால் தேய்த்திருந்தேன், அந்தத் தூளே துளையை அடைத்துவிட்டது.

ஆகவே பூட்ட முதல், வயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி அந்தத் துளைக்குள் விட்டு எடுங்கள். ஊசியை விடவேண்டாம், துளை பெருத்தால் றப்பர் கிழியும். பிறகு சிலிண்டருக்குள் டோர்ச் அடித்து, தொட்டிப் பக்கத்திலிருந்து பாருங்கள். புள்ளி வெளிச்சம் தெரியவேண்டும். தெரிந்தால் மட்டும் பூட்டுங்கள்.

காற்றெடுக்கும் வரிசை: தூரத்திலிருக்கும் பின் இடது, பின் வலது, முன் இடது, கடைசியாக முன் வலது. பெடல் மிதித்தது என் மனைவி. "மிதி", "பிடி", "விடு" என்ற மூன்று சொற்களை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். கீழே படுத்திருப்பவர் ஆணியை இறுக்கும் முன் மேலே காலை எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். மகளின் வேலை, தொட்டியில் ஒயில் குறையாமல் பார்ப்பது. இரும்புக் குழாய்கள் துருப்பிடித்திருந்தால் செப்பு-நிக்கல் குழாய் போடுங்கள். றப்பர் ஹோஸ் மூன்றையும் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். இதில் மிச்சம் பிடிக்கவேண்டாம்.

முன் சக்கரத்து ட்ரனியன்

மைனரில் முன் சக்கரத்தின் சுழலும் தண்டு, மரை வெட்டிய ட்ரனியனில் திருகி நிற்கிறது. கிறீஸ் இல்லாமல் மரை தேய்ந்தால் ஒரு நாள் தண்டு கழன்று சக்கரம் படுத்துவிடும். மைனர் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து இது. முன்பக்கத்தை உயர்த்தி, சக்கரத்துக்குக் கீழே அலவாங்கு கொடுத்துத் தெண்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டாலும் புதுக் கிறீஸ் வெளியே தள்ளும்வரை அடியுங்கள்.

எஞ்சின்

948 சிசி, நாலு சிலிண்டர். பிளக் நாலையும் கழற்றி, ஒவ்வொரு துளைக்குள்ளும் டீசலும் எஞ்சின் ஒயிலும் கலந்து இரண்டு மேசைக்கரண்டி விட்டு ஒரு கிழமை விட்டுவைத்தோம். பிறகு முன்பக்கத்தால் ஹாண்டில் கொடுத்து மெதுவாக அசைத்தோம். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலே இழுங்கள். கீழ்நோக்கி அமுக்கினால், எஞ்சின் திருப்பி அடிக்கும்போது கை முறியும்.

எஞ்சினுக்கு அடியில் ஒயில் தங்கும் சம்பைக் கழற்றியபோதுதான் அப்பப்பாவின் கதை வெளியே வந்தது. இரண்டு விரற்கடைக்குக் கறுப்புச் சேறு. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் நின்றபோது யாழ்ப்பாணத்து வண்டிகள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. கொஞ்சம் பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலோடு கலக்கும், ஒயிலின் பிடிப்புப் போகும், அழுக்கு அடியில் தங்கும். அந்தக் காலத்தில் ஓடிய வண்டி உங்களிடம் இருந்தால் சம்பைக் கழற்றாமல் எஞ்சினைச் சுற்றவேண்டாம். ஒயில் பம்பின் வலை எங்களுடையதில் முக்கால்வாசி அடைபட்டிருந்தது. சீற்றுக்குப் பின்னால் அப்பப்பாவின் பெற்றோல் போத்தலும் கிடைத்தது, மூடியில் துளை போட்ட சின்ன மருந்துப் போத்தல். கழுவி அதே இடத்தில் வைத்திருக்கிறோம்.

ஒயில் 20டபிள்யூ-50 போடுங்கள். இப்போதைய கார்களுக்கான தண்ணீர் போன்ற ஒயில் இதற்கு ஒத்துவராது. பிளக் போடாமலே சுற்றி, ஒயில் லைற் அணையும்வரை பாருங்கள். பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடும் டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்ற்றின் இடைவெளி 0.38 மி.மீ., பிளக் 0.6 மி.மீ. வெடிக்கும் வரிசை 1-3-4-2, டிஸ்ரிபியூட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும். எஸ்.யூ. கார்பரேற்றரின் பிஸ்டனை விரலால் உயர்த்தி விட்டால் "டக்" என்று விழவேண்டும். பலர் இந்தக் கார்பரேற்றரைத் தூக்கிப்போட்டு வேறொன்று மாட்டச் சொன்னார்கள். கேட்காதீர்கள். சுத்தம் செய்து, மேலே மெல்லிய ஒயில் விட்டால் இதைப்போல எளிமையான சாமான் வேறில்லை.

பற்றறி பூட்டும்போது கவனம்: இந்த வண்டியில் பொசிற்றிவ்தான் பொடியில் (வண்டியின் உடற்தகட்டில்) பூட்டப்படும். பழக்கதோஷத்தில் மாற்றிப் பூட்டிவிடாதீர்கள்.

மரமும் நிறமும்

பின்தட்டில் அப்பப்பா அடித்த பனஞ்சிலாகை அப்படியே இருக்கிறது. கறையான் தொடவில்லை. எண்ணெய் மட்டும் பூசினோம். கதவில் அவர் கையால் எழுதிய வெள்ளை எழுத்துக்கு மேல் புது நிறம் அடிக்க மாமி விடவில்லை. அந்தக் கதவு பழைய பச்சை, மற்றதெல்லாம் புதுப் பச்சை. எனக்கு இப்படி இருப்பதுதான் பிடித்திருக்கிறது.

பிற்சேர்க்கை 1: போன் சார்ஜர் பூட்டியதும் பியூஸ் போனதாக ஒருவர் கேட்டிருந்தார். இப்போதைய சார்ஜர்களின் வெளி உலோகம் நெகற்றிவ். நம் வண்டியின் பொடி பொசிற்றிவ். இரண்டும் தொட்டால் ஷோற். சார்ஜரையும் அதன் சொக்கற்றையும் பொடியில் படாமல் மரப்பெட்டிக்குள் வைத்து, இரண்டு வயரையும் தனியாக இழுங்கள்.

பிற்சேர்க்கை 2: துளையைச் சுத்தம் செய்தபிறகும் பிறேக் இறுகுகிறது என்று வவுனியாவிலிருந்து ஒருவர் எழுதினார். பெடலைக் கையால் பின்னுக்கு இழுத்துப் பார்க்கச் சொன்னேன், உடனே இளகியிருக்கிறது. பெடலைத் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங் அவருடைய வண்டியில் இருக்கவில்லை. பெடல் முழுதாகத் திரும்பாவிட்டால் பிஸ்டனும் திரும்பாது, துளையும் திறக்காது. பெடலுக்கும் பிஸ்டனுக்கும் இடையே கையால் உணரக்கூடிய சிறு தளர்வு இருக்கவேண்டும் என்பதை நான் மேலே எழுத மறந்துவிட்டேன். ஸ்பிரிங் மாட்டியபின் சரியாகிவிட்டது என்று நேற்று எழுதியிருந்தார்.