நடிகர் நாடகம் எழுத வரும்போது: ஹரால்ட் பின்டரின் தொடக்க ஆண்டுகளை முன்வைத்து

மேடையில் நடித்துக்கொண்டே மேடைக்கும் வானொலிக்கும் எழுத முனைவோர் செய்யும் தவறுகளில் பெரியது, வானொலி நாடகத்தைக் கண்ணுக்குத் தெரியாத மேடை நாடகமாகக் கருதுவதாகும். அப்படிக் கருதுபவர், காட்சி இல்லாத குறையை ஈடுசெய்வதாக எண்ணி, கதவு திறப்பதையும் கடிதம் பிரிப்பதையும் பாத்திரங்களின் வாயாலேயே சொல்ல வைக்கிறார். ஆங்கில நாடகாசிரியர் ஹரால்ட் பின்டர் அந்தக் குறையையே முதலாக்கினார். 1959 ஜூலையில் பிபிசி ஒலிபரப்பிய அவருடைய ‘எ ஸ்லைட் ஏக்’ நாடகத்தில், ஒரு தம்பதியர் தங்கள் வீட்டு வாயிலில் நிற்கும் தீப்பெட்டி விற்கும் முதியவரை உள்ளே அழைத்துப் பேசுகிறார்கள்; அவரோ கடைசிவரை ஒரு சொல்லும் பேசுவதில்லை. வானொலியில் கேட்பவருக்கு, அப்படி ஒருவர் இருக்கிறாரா, இருவரின் அச்சம் படைத்த உருவமா என்பதே உறுதிப்படாது. 1961இல் இது லண்டன் ஆர்ட்ஸ் தியேட்டரில் மேடையேறியபோது முதியவர் கண்முன் நின்றார். அந்த ஐயத்துக்கு அங்கே இடமில்லை. மேடை வடிவம் மோசமானதன்று, ஆனால் அது வேறொரு நாடகம் என்பதே என் கருத்து.

வானொலியை மேடை கிடைக்காதவர்களின் ஆறுதல் பரிசாக நினைப்பதும் பிழை. ‘லேண்ட்ஸ்கேப்’ நாடகத்தின் சில சொற்களை மேடைத் தணிக்கை அதிகாரியான லார்ட் சேம்பர்லின் ஏற்க மறுத்தபோது, அவருடைய அதிகாரத்துக்கு உட்படாத வானொலியில் 1968 ஏப்ரலில் அது முழுமையாக ஒலித்தது; தணிக்கை நீங்கிய பின்னரே, 1969இல், மேடைக்கு வந்தது.

எழுதும் நடிகர் தமக்கே நாயகப் பாத்திரத்தை ஒதுக்கிக்கொள்வது நம் சபாக்களுக்கும் புதிதன்று. பின்டர் 1960இல் தம்முடைய ‘எ நைட் அவுட்’ நாடகத்தில் ஏற்றது, நாயகனுடன் வேலை செய்யும் சீலி என்ற துணைப் பாத்திரத்தையே.

முதல் நாடகம் அரங்கேறியவுடன் நடிப்பை விட்டுவிடுவது இன்னொரு தவறு. டேவிட் பாரன் என்ற மேடைப்பெயரில் ஊர் ஊராக நடித்து வந்த பின்டரின் ‘தி பர்த்டே பார்ட்டி’, 1958 மே மாதம் லண்டனின் ஹேமர்ஸ்மித் பகுதியில் எட்டே காட்சிகளோடு நிறுத்தப்பட்டது. சண்டே டைம்ஸ் விமர்சகர் ஹரால்ட் ஹாப்சன் மனமாரப் பாராட்டி எழுதியது அச்சில் வந்தபோது அரங்கு மூடப்பட்டிருந்தது. கையில் வேறு தொழில் இல்லாதவருக்கு அந்த ஒரு வாரமே முடிவாகியிருக்கக்கூடும். நடிகரான பின்டரோ மேடைக்குத் திரும்பினார், அடுத்த ஆண்டே வானொலியிலும் அவருடைய நாடகம் ஒலித்தது.