கவுண்டிப் பூங்காக்களையும் இயற்கை நிலங்களையும் மீட்டெடுக்கும் முறை

அமெரிக்காவில் மாநிலத்துக்கு உட்பட்ட, மாவட்டம் போன்ற ஆட்சிப்பகுதிகளான கவுண்டிகளின் வசமுள்ள பூங்கா நிலங்களில் இரண்டு விதமான இடங்கள் கலந்திருக்கின்றன. புல்தரை, விளையாட்டுத் திடல், கழிப்பறை, வாகன நிறுத்துமிடம் என மனிதர் அமைத்தவை ஒரு வகை. காடு, ஈரநிலம், ஓடைக்கரை, பிரெய்ரிப் புல்வெளி எனத் தாமாக இருந்தவற்றைக் காத்துவைத்திருப்பவை மற்றொரு வகை. 1895இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் எஸ்ஸெக்ஸ் கவுண்டி, நாட்டின் முதல் கவுண்டிப் பூங்கா அமைப்பைத் தொடங்கியபோது முதல் வகைக்கே முதன்மை இருந்தது. 1914இல் சிகாகோவை உள்ளடக்கிய குக் கவுண்டி ஏற்படுத்திய ‘வனக்காப்பு மாவட்டம்’ என்ற நிர்வாக அமைப்பு இரண்டாம் வகையை முன்னிறுத்தியது; இன்று அதன் வசம் ஏறத்தாழ 70,000 ஏக்கர், அதாவது கவுண்டியின் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலான நிலம், இருக்கிறது. பல கவுண்டிகளில் இரண்டையும் ஒரே துறை, ஒரே நிதியிலிருந்து பராமரிப்பதால், முதல் வகைக்குரிய வேலைமுறை இரண்டாவதன் மீதும் ஏறிவிடுகிறது: பழுதைக் கண்டுபிடிப்பது, ஒப்பந்ததாரரை அழைப்பது, சரிசெய்வது, ரிப்பன் வெட்டித் திறப்பது. கழிப்பறைக்கு இது பொருந்தும், காட்டுக்குப் பொருந்தாது. பூங்கா வாரியத்திலோ ஆலோசனைக் குழுவிலோ தன்னார்வலர் குழுவிலோ இடம்பெற்று, இந்த வேலையைத் திட்டமிட வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

முதல் ஆண்டு: பார்ப்பதும் பதிவதும்

ஒரு நிலத்தை எல்லாப் பருவங்களிலும் பார்க்காமல் அதற்குத் திட்டம் எழுதக் கூடாது. கிழக்கு, மத்திய மேற்கு மாநிலங்களின் காடுகளில் டிரில்லியம், பிளட்ரூட் போன்ற செடிகள் மரங்கள் முழுமையாக இலை விடுவதற்கு முன் பூத்துவிடுகின்றன. அவற்றுடன் பூக்கும் வேறு சில கோடைக்குள் இலையும் இல்லாமல் மறைந்துவிடுகின்றன. ஜூலை மாதத்தில் மட்டும் கணக்கெடுப்பவர், அந்த இடத்தில் ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டு அங்கேயே வாகன நிறுத்துமிடத்தை விரிவாக்கப் பரிந்துரைக்கக் கூடும். சிகாகோ வட்டாரத்தில் ஃபிளாய்ட் ஸ்விங்க், ஜெரால்டு வில்ஹெல்ம் ஆகிய தாவரவியலாளர்கள் உருவாக்கி, பின்னர் பல மாநிலங்கள் தமக்கேற்ப எடுத்துக்கொண்ட மதிப்பீட்டு முறை இங்கே மிகவும் பயன்படும். அதில் ஒவ்வொரு தாவர இனத்துக்கும் 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் உண்டு. எங்கும் முளைத்துவிடும் செடிக்குக் குறைந்த எண்ணும், சீர்குலையாத நிலத்தில் மட்டுமே தங்கும் செடிக்கு உயர்ந்த எண்ணும் தரப்படும். உயர்ந்த எண்கள் எங்கே கூடிக் கிடக்கின்றன என்பதை வரைபடத்தில் குறித்தாலே திட்டத்தின் பாதி முடிந்துவிடும்.

நிலத்தின் பழைய நிலையை அறிய ஆவணங்களும் உண்டு. மத்திய அரசின் நில அளவையாளர்கள் 19ஆம் நூற்றாண்டில் மத்திய மேற்குப் பகுதியை அளந்தபோது, எல்லை முனைகளுக்கு அருகில் நின்ற மரங்களின் வகையையும் பருமனையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார்கள். வேளாண் துறை 1930களிலிருந்து எடுத்த வான்வழிப் படங்களும் கிடைக்கின்றன. இன்று இருட்டிக் கிடக்கும் புதர்க்காடு அன்று வெயில் விழுந்த ஓக் தோப்பாக இருந்திருந்தால், மீட்பு என்பது அங்கே மரம் நடுவதாக இராது, புதரை நீக்குவதாகவே இருக்கும். இதே ஆண்டில் நிலத்தின் பத்திரங்களையும் பழைய மானியக் கோப்புகளையும் தேடி எடுத்துவிட வேண்டும். அதன் காரணம் நிதி பற்றிப் பேசும் இடத்தில் வருகிறது.

எங்கே தொடங்குவது

கவுண்டியின் எந்தக் கூட்டத்திலும் மிக மோசமான இடத்தைத்தான் முதலில் சுட்டிக்காட்டுவார்கள். சாலையோரத்தில் எல்லார் கண்ணிலும் படுவது அதுதான். அதைத் துப்புரவாக்கினால் படம் எடுத்துக் காட்டலாம். ஆனால் நல்ல நிலையில் எஞ்சியிருக்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இந்த வேலையின் அடிப்படை விதி என்று கருதுகிறேன். சிட்னி நகரின் புதர்க்காடுகளில் களை நீக்கிய ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லி சகோதரிகள் 1960களில் வகுத்த முறையின் சாரமும் இதுவே: நன்றாக இருக்கும் பகுதியிலிருந்து சீரழிந்த பகுதியை நோக்கி நகர வேண்டும், மண்ணை இயன்றவரை கலைக்கக் கூடாது, களை நீக்கிய இடத்தில் அந்த மண்ணுக்குரிய செடிகள் எவ்வளவு விரைவாகத் திரும்புகின்றனவோ அந்த வேகத்தில்தான் அடுத்த அடி வைக்க வேண்டும்.

இதற்குக் காரணம் எளிது. நல்ல பகுதியில் விதையும் வேரும் மண்ணிலேயே இருப்பதால், நான்கைந்து புதர்களை எடுத்தாலே வெயில் பட்டு அவை எழுந்துவிடும். மோசமான பகுதியிலோ அடியில் இருப்பது களையின் விதை மட்டுமே; அங்கே ஒரு பருவம் முழுதும் உழைத்துத் திறந்துவிட்ட மண்ணில் அடுத்த வசந்தத்தில் களையே முந்திக்கொள்ளும். அதற்குள், யாரும் கவனிக்காத நல்ல மூலை ஆண்டுக்குச் சில அடிகளாகச் சுருங்கிக்கொண்டிருக்கும்.

ஆகவே ஆண்டுத் திட்டத்தில் எத்தனை ஏக்கர் துப்புரவாக்குவது என்ற கேள்விக்கு முன், அடுத்த மூன்று ஆண்டுகளுக்குத் திரும்பத் திரும்பச் சென்று கவனிக்க எத்தனை ஏக்கருக்கு ஆள் இருக்கிறது என்ற கேள்வி வர வேண்டும். அந்த எண்ணிக்கையைத் தாண்டி ஒரு ஏக்கர்கூடத் தொடாதீர்கள். பெருந்தொகை மானியம் வந்துவிட்டது, நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்க வேண்டும் என்ற நெருக்கடியில் இயந்திரங்களை இறக்கி நூறு ஏக்கரை ஒரே குளிர்காலத்தில் வெட்டித் தள்ளுவது, பணத்தைச் செலவிட்டுக் களையைப் பயிரிடுவதற்குச் சமம்.

புதரும் களையும்

அந்தந்த வட்டாரத்தின் எதிரி வெவ்வேறாக இருக்கும். பசிபிக் வடமேற்கில் இமாலயன் பிளாக்பெர்ரியும் இங்கிலிஷ் ஐவியும், தென்கிழக்கில் குட்சு, மத்திய மேற்கில் பக்தார்னும் ஹனிசக்கிளும் கார்லிக் மஸ்டர்டும். பக்தார்ன் ஐரோப்பாவிலிருந்து வேலிக்காகக் கொண்டுவரப்பட்ட புதர். மற்ற செடிகளுக்கு முன் இலைவிட்டு, அவற்றுக்குப் பின் இலையுதிர்ப்பதால் தரைக்கு வெயில் எட்டவிடாது. அதை வெட்டினால் மட்டும் போதாது. அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். வெட்டிய சில நிமிடங்களுக்குள் வெட்டுமுகத்தில் உரிய களைக்கொல்லியைத் தடவ வேண்டும். இதைத் தெளிப்பானால் செய்யாமல் தூரிகையாலோ பஞ்சு முனையாலோ செய்தால் பக்கத்துச் செடிகள் தப்பும். பொது நிலத்தில் களைக்கொல்லி பயன்படுத்துவதற்குப் பெரும்பாலும் மாநில உரிமம் தேவைப்படும் என்பதால், தன்னார்வலர் கையில் மருந்தைக் கொடுப்பதற்கு முன் மாநில விதியைப் பார்த்துவிட வேண்டும்.

மண் உறைந்திருக்கும் குளிர்காலமே வெட்டுவதற்கு ஏற்ற காலம். காலடியும் சக்கரமும் மண்ணை இறுக்காது, பறவைகள் கூடு கட்டியிருக்காது, கோடையில் மரப்பட்டைக்கு அடியில் தங்கும் வௌவால்களும் அப்போது குகைகளிலும் சுரங்கங்களிலும் உறங்கும். வெட்டிய குவியலை எரிப்பதானால் ஒவ்வொரு முறையும் புதிய இடம் தேடாமல் பழைய கரிவட்டத்திலேயே எரிக்க வேண்டும். குவியல் தீயின் சூடு அடிமண்ணின் விதைகளையும் நுண்ணுயிர்களையும் கொன்றுவிடுவதால், கரிவட்டம் ஒவ்வொன்றும் பல ஆண்டுகளுக்கு வடுவாக நிற்கும்.

கார்லிக் மஸ்டர்டு ஈராண்டுச் செடி. முதல் ஆண்டில் தரையோடு இலைக்கொத்து, இரண்டாம் ஆண்டில் பூ, விதை, பிறகு சாவு. பூக்கும்போது வேரோடு பிடுங்குவது எளிது. ஆனால் பிடுங்கிப் போட்ட செடியிலும் விதை முற்றக்கூடியது என்பதால் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். மண்ணில் விழுந்த விதை ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் உயிரோடு கிடக்கும். நான்காம் ஆண்டில் நிறுத்திவிடும் குழு, அதுவரை செய்ததையும் இழக்கிறது.

விதைப்பு, தீ, மான்

நடுவது கடைசி வேலை. புதர் நீங்கிய இடத்தில் தானாக என்ன எழுகிறது என்று ஒரு பருவமாவது காத்திருந்து, எழாத இடத்தில் மட்டும் விதைக்க வேண்டும். விதை அதே வட்டாரத்துத் தாய்ச்செடிகளிலிருந்து வந்ததாக இருத்தல் நல்லது. பிரெய்ரிச் செடிகளில் பலவற்றின் விதைக்கு ஈரக்குளிர் கிடைத்தால்தான் உறக்கம் கலையும் என்பதால், இலையுதிர்காலத்தின் இறுதியில் விதைத்துவிட்டால் குளிர்காலம் அந்த வேலையைச் செய்துவிடும். முதல் ஆண்டில் மேலே தெரிவது ஓராண்டுக் களைகள்தான். நாம் விதைத்தவை அப்போது வேர் இறக்கிக்கொண்டிருக்கும். களை முழங்கால் உயரம் வரும்போதெல்லாம் நாற்றுகளைத் தொடாத உயரத்தில் வெட்டிவிட்டு, மூன்றாம் ஆண்டுவரை பொறுக்க வேண்டும். வாரிய உறுப்பினர்களிடம் இதை முன்னமே சொல்லிவைப்பது நலம். இல்லையேல் முதல் கோடையிலேயே, காசு கொட்டி களை வளர்க்கிறீர்களா என்று கேட்பார்கள்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மரத்தோட்டத்தில் 1930களின் நடுப்பகுதியில் பழைய பண்ணை நிலத்தில் தொடங்கப்பட்ட கர்டிஸ் பிரெய்ரி, மீட்டெடுக்கப்பட்ட புல்வெளிகளில் மிகப் பழமையானதாகக் கருதப்படுகிறது. தீ இல்லாமல் பிரெய்ரி நிலைக்காது என்பதைக் காட்டிய தொடக்ககால ஆய்வுகள் 1940களில் அங்கே நடந்தன. இன்று கட்டுப்படுத்தப்பட்ட தீ பல கவுண்டிகளின் வழக்கமான கருவி. அனுமதியும், பயிற்சி பெற்ற குழுவும், காற்றையும் ஈரப்பதத்தையும் முன்கூட்டி வரையறுக்கும் எழுத்துத் திட்டமும் இன்றி அதில் இறங்கக் கூடாது. முழு நிலத்தையும் ஒரே ஆண்டில் எரிக்காமல் பகுதி பகுதியாக எரித்தால், காய்ந்த தண்டிலும் சருகிலும் குளிர்காலம் கழிக்கும் பூச்சிகளுக்குப் போக்கிடம் இருக்கும்.

வெள்ளைவால் மான்கள் மிகுந்த கவுண்டியில் இவ்வளவும் வீணாகலாம். சிறு பரப்பை உயர்ந்த வேலியால் அடைத்துப் பாருங்கள். ஓரிரு ஆண்டில் வேலிக்கு உள்ளும் புறமும் வேறுபாடு தெரிந்தால், தடை களையால் வரவில்லை, மானால் வருகிறது என்பது எவருக்கும் விளங்கும்.

நீர்

மத்திய மேற்கில் பழைய பண்ணை நிலத்தைக் கவுண்டி வாங்கியிருந்தால், அடியில் களிமண் வடிகுழாய்கள் புதைந்திருக்க வாய்ப்பு மிகுதி. ஈரநிலத்தை வயலாக்கப் புதைத்த அவை, விவசாயம் நின்ற பின்பும் நீரை வடித்துக்கொண்டே இருக்கும். குழாயைக் கண்டறிந்து சில இடங்களில் உடைத்து அடைத்தால், நீர்மட்டம் தானாக உயர்ந்து ஈரநிலம் திரும்பும். குளம் வெட்டுவதைவிட இது மலிவு. ஆனால் அதே குழாய் மேற்புறத்து அண்டை வயலின் நீரையும் சுமந்து வரக்கூடும் என்பதால், பொறியாளரை வைத்துத் தடம் பார்க்காமல் எதையும் உடைக்கக் கூடாது. ஓடையிலோ ஈரநிலத்திலோ மண் கொட்டும் வேலை எதுவாயினும், மத்திய அரசின் தூயநீர்ச் சட்டத்தின் 404ஆம் பிரிவின் கீழ் ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி வேண்டியிருக்கலாம்.

மக்கள் புழங்கும் பகுதி

இங்கே சுருக்கமாகச் சொல்லலாம். நடைத்தடங்களைக் கெடுப்பது பெரும்பாலும் கால் அன்று, நீர். சரிவின் குறுக்கே செல்லும் தடத்தின் சாய்வு, மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டாதவாறும், தடத்தின் வெளிவிளிம்பு சற்றே தாழ்ந்தும் அமைந்தால் மழைநீர் தடத்தில் ஓடாமல் குறுக்கே கடந்துவிடும். விளையாட்டுக் கருவிகளுக்கு அடியில் பரப்பும் மரச்சீவல் 9 அங்குலத்துக்குக் குறையவே கூடாது. அமுங்கிவிடும் என்பதால் 12 அங்குலமாகப் பரப்பினால்தான் அந்த ஆழம் நிற்கும். 2004க்கு முற்பட்ட மர விளையாட்டுக் கருவிகள் ஆர்செனிக் கலந்த மருந்தால் பதப்படுத்தப்பட்டவையாக இருக்கலாம். மாற்ற வேண்டியவற்றின் பட்டியலில் அவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். மரங்களைச் சுற்றி 2 முதல் 4 அங்குல மூடாக்கு போதும். தண்டைத் தொட்டு மலைபோல் குவித்தால் பட்டை அழுகும்.

நிதி

மத்திய அரசின் நில, நீர்ப் பாதுகாப்பு நிதி 1964ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. 2020இல் நிறைவேறிய மற்றொரு சட்டம் அதற்கு ஆண்டுதோறும் 90 கோடி டாலரை நிலையாக உறுதிசெய்தது. மாநிலம் வழியாக வரும் மானியம் பொதுவாகத் திட்டச் செலவில் பாதிவரைதான். மீதியைக் கவுண்டி போட வேண்டும். அந்தப் பணம் பட்ட பூங்கா, வெளிப்புறப் பொழுதுபோக்குக்காகவே என்றென்றும் இருக்க வேண்டும். வேறு பயனுக்கு மாற்ற மத்திய அரசின் ஒப்புதலும், ஈடான மதிப்புள்ள மாற்று நிலமும் தேவை. பழைய கோப்புகளைத் தேடச் சொன்னது இதற்காகத்தான்: பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய சிறு மானியம் ஒன்று, இன்று அந்தப் பூங்காவின் மூலையில் தீயணைப்பு நிலையம் கட்டுவதைத் தடுத்து நிறுத்தலாம். மானியம் கட்டுமானத்துக்கு வரும், பராமரிப்புக்கு வராது. அதற்கு உள்ளூர் வரியே வழி. வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுண்டியில் 2003இல் பூங்காக்களுக்கென்றே ஒரு சொத்துவரியை வாக்காளர்கள் ஏற்று, அடுத்தடுத்த வாக்கெடுப்புகளில் அதைப் புதுப்பித்தும் வருகிறார்கள்.

அண்டை வீட்டார்

குக் கவுண்டியின் வனக்காப்பு நிலங்களில் 1977 முதல் தன்னார்வலர்கள் மீட்புப் பணி செய்துவந்தார்கள். தாவரவியல் நோக்கில் அது தேர்ந்த பணி. ஆயினும் மரங்கள் வெட்டப்படுவதையும் தீ வைக்கப்படுவதையும் மருந்து பூசப்படுவதையும் கண்ட குடியிருப்பாளர் சிலர் கடுமையாக எதிர்த்ததால், 1996இல் கவுண்டி நிர்வாகம் பணியை நிறுத்திவைத்தது. சில இடங்களில் அந்தத் தடை பல ஆண்டுகள் நீடித்தது. பச்சையாக இருப்பதெல்லாம் காடு என்று நினைப்பவரை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. அவர்கள் அந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டே வாழ்பவர்கள், அதற்கு வரியும் கட்டுபவர்கள்.

ஆகவே வெட்டுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, எது வெட்டப்படும், ஏன், எந்த மருந்து, எந்த நாள்கள், யாரிடம் கேட்கலாம் என்பதை நுழைவாயிலில் பலகையாக வையுங்கள். எல்லையை ஒட்டிய வீடுகளுக்குக் கடிதம் அனுப்புங்கள். மீண்ட பகுதிக்கும் மீளாத பகுதிக்கும் அவர்களை ஒரே நடையில் அழைத்துச் செல்லுங்கள். வீடுகளின் பின்வேலியை ஒட்டிய பக்தார்ன் மறைப்பை முதல் ஆண்டிலேயே எடுக்க வேண்டியதில்லை. அங்கே அந்த மண்ணுக்குரிய ஹேசல்நட், டாக்வுட் போன்ற புதர்களை முன்வரிசையில் நட்டு, அவை ஆள் உயரம் வளர்ந்த பிறகு பின்வரிசையை வெட்டிக்கொள்ளலாம்.