காரைக்குடிக்கு பிராசசர் கொண்டு போகிறவர்களுக்கு

சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போகிறவர்களுக்குத் தைலமும் சாக்லேட்டும் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் தம்பி முறையில் ஒருவன் போன் போட்டு, "டெஸ்க்டாப்புக்கு பிராசசர் மட்டும் வாங்கிட்டு வாங்கண்ணே, அங்கதான சல்லிசு" என்றால், சரி என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். பிராசசர் கம்ப்யூட்டரின் மூளை, மற்ற பாகங்களோடு பொருந்தினால்தான் ஓடும். முதலில் கேளுங்கள்: அதை மாட்டப் போகிற மதர்போர்டு எது? ராம் டிடிஆர்4 வகையா, டிடிஆர்5 வகையா? தனியாக கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதா? எப்போது மாட்டப் போகிறாய்?

நான் கேட்டது ஒன்றே ஒன்று. "எவ்வளவுக்குள்ள வேணும்?"

2025இல் தீபாவளி அக்டோபர் 20. சிங்கப்பூர் ஆன்லைன் கடைகளின் நவம்பர் 11 தள்ளுபடியை விடக்கூடாது என்று பயணத்தை மார்கழிக்குத் தள்ளினேன். அப்பத்தாவிடம் லீவு கிடைக்கவில்லை என்றேன்.

தள்ளுபடியில் வாங்கியது இன்டெல் ஐ5 12400எஃப் பிராசசர். எஃப் இல்லாத 12400ஐவிட விலை குறைவு, அதனால் எடுத்தேன். அந்த எஃப்புக்கு உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்று பொருள். தனி கார்டு இல்லாவிட்டால் திரையில் ஒன்றும் வராது. ஏஎம்டியின் ரைசன் 5 5600உம் அப்படித்தான். 5600ஜி என்றால் உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு, தப்பித்தோம்.

சித்தப்பா வீட்டு முகப்பில், ஆத்தங்குடிக் கல் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பூட்டினோம். காத்தாடி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பு. ராமைக் கழற்றி மாட்டினோம். கேபிளை மாற்றினோம். கரண்டு சரியில்லை என்றார் சித்தப்பா. இரண்டு நாள் இதே பிழைப்பு. மூன்றாம் நாள் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், கடைக்காரர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. பிராசசர் வந்த அட்டைப்பெட்டியைத் திருப்பி, பேனா முனையால் அந்த எஃப்பைத் தொட்டுக் காட்டினார். "கார்டு இருக்கா சார்?"

மாற்றலாம் என்றால், பில்லில் போட்டிருந்தது ஏழு நாள். நான் வாங்கி ஆறு வாரம் ஆகியிருந்தது. தள்ளுபடிக்கு முந்திக்கொண்டு வாங்கிப் பெட்டியிலேயே வைத்திருந்தால் இதுதான் கதி. தம்பி கொஞ்சமும் கூசாமல், "அப்ப கார்டையும் நீங்களே வாங்கிக் குடுத்துருங்கண்ணே" என்றான். பழைய கார்டு ஒன்று வாங்கினேன். மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய், மேலும் கொஞ்சம் கையைவிட்டுப் போனது.

ஆகவே பணத்தை அனுப்பிவிடுங்கள். தீபாவளிக்கு முன்னால் இந்தியாவிலும் ஆன்லைனில் தள்ளுபடி போடுகிறார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி விலையிலேயே அடங்கிவிடும், வாரண்டிக்கும் உள்ளூர் பில் இருக்கும். ஆனால் குறைப்பில் பாதி வங்கி கார்டுக்கான சலுகையாக இருக்கும். அந்த கார்டு அவனிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மாதம் முன்பிருந்தே விலையைக் குறித்து வையுங்கள். புதுத் தலைமுறை வந்ததும் பழைய சிப் பண்டிகை இல்லாமலேயே இறங்குவதும் உண்டு. போர்டையும் பிராசசரையும் ஒரே நாளில் வாங்கி, அன்றைக்கே பூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கொண்டுதான் போவேன் என்றால் பில் கையில் இருக்கட்டும். 18 வயது நிரம்பியவருக்கு ஒரு லேப்டாப் சுங்க வரியில்லாமல் உண்டு. பிராசசர் அந்தக் கணக்கில் வராது, மற்ற சாமான்களுக்கு வரியில்லாமல் விடும் பொதுச் சலுகைத் தொகைக்குள்தான் அடங்க வேண்டும்.

எங்கள் நகரத்தார் வழக்கப்படி, பிள்ளையார் நோன்பன்று மாவில் வைத்து ஏற்றிய நூல் திரியான இழையை அப்பத்தாதான் எடுத்துக் கொடுத்தது. "தீவாளிக்கு உனக்குன்னு கந்தரப்பம் எடுத்து வச்சேன். லீவு இப்பத்தான் குடுத்தாகளா?"

ஆமா என்று சொல்லி, எரிகிற இழையை மாவோடு வாயில் போட்டுக்கொண்டேன்.