விண்வெளி நிலைய ரிப்பீட்டருக்கு ஐந்து சேனல்: யூவி-5ஆரில் மெமரி போடுவது எப்படி

பாவ்ஃபெங் யூவி-5ஆர் என்ற கையடக்க ஹேம் (அமெச்சூர் வானொலி) செட்டில் 128 மெமரி சேனல், அதாவது அலைவரிசைகளைச் சேமித்து வைக்கும் இடம், இருக்கிறது. உள்ளூர் ரிப்பீட்டர் (நாம் அனுப்புவதை வாங்கி வேறு அலைவரிசையில் திரும்ப அனுப்பும் கருவி) ஒன்று, சிம்ப்ளெக்ஸ் (ரிப்பீட்டர் இல்லாமல் நேராகப் பேசும் அலைவரிசை) இரண்டு என்று போட்டுவிட்டு மீதியைப் பலரும் தொடுவதே இல்லை. உள்ளூர் பேச்சுக்கு அது போதும்தான், ஆனால் சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டரைப் பிடிக்கப் பார்த்தால் மெமரி இல்லாமல் வேலை நடக்காது. நிலையம் நம் வானத்தைக் கடப்பது பத்து நிமிடம் போல, ஒரு கையில் ஆன்டெனா, மறு கையில் செட், அந்த நேரத்தில் எண்களைத் தட்டிக்கொண்டிருக்க முடியுமா?

ரிப்பீட்டர் நமக்கு அனுப்புவது 437.800 மெகாஹெர்ட்ஸ், நாம் அதற்கு அனுப்புவது 145.990, கூடவே 67.0 ஹெர்ட்ஸ் டோன் (ரிப்பீட்டரைத் திறக்கக் குரலோடு சேர்ந்து போகும் மெல்லிய ஒலி). நிலையம் நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் பறப்பதால் டாப்ளர் விளைவு வந்துவிடுகிறது: நம்மை நோக்கி வரும்போது 437.810 பக்கம் கேட்கும், விலகிப் போகும்போது 437.790-க்கு இறங்கிவிடும். 145-இல் இந்த நகர்வு மூன்று கிலோஹெர்ட்ஸ் சொச்சம்தான், எஃப்எம்முக்கு அது பொருட்டில்லை. அதனால் கேட்கும் அலைவரிசையை மட்டும் 437.810, 437.805, 437.800, 437.795, 437.790 என்று ஐந்து படியாகப் போட்டு, ஐந்திலும் அனுப்புவதை 145.990 ஆகவே வைத்தால் சரி.

செட்டிலேயே போடுவதாக இருந்தால், முதலில் விஎஃப்ஓ முறைக்கு (அலைவரிசையை நேராகத் தட்டும் முறை) வாருங்கள், மேல் வரியில் இருங்கள். மெனு 7-இல் டிடிஆரை (இரண்டு அலைவரிசையை மாறி மாறிக் கேட்கும் வசதி) அணையுங்கள், மெனு 1-இல் ஸ்டெப் (அலைவரிசை நகரும் படி) 5 கே, அதாவது ஐந்து கிலோஹெர்ட்ஸ். சேனலில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் அதன் மேலேயே எழுத முடியாது, மெனு 28-இல் அழித்துவிட்டுத்தான் வர வேண்டும். அப்புறம் 437.810 தட்டி, மெனு 13-இல் டோனை 67.0 ஆக்கி, மெனு 27-இல் சேனல் எண்ணைக் கொடுத்து மெனு பட்டனை அழுத்தினால் கேட்கும் அலைவரிசை பதிவாகிவிடும். பாதி வேலைதான் முடிந்தது. வெளியே வந்து 145.990 தட்டி (சில செட்களில் பேண்ட் பட்டனை அழுத்தி விஎச்எஃப்புக்கு (145 இருக்கும் பேண்ட்) மாற்றினால்தான் ஏற்கும்), டோன் 67.0 இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, மறுபடி மெனு 27, அதே சேனல் எண். இரண்டாவது முறை பதிவதுதான் அனுப்பும் அலைவரிசை. இதை விட்டுவிட்டால் 437.810-இலேயே கத்திக்கொண்டிருப்பீர்கள், ஒருவருக்கும் கேட்காது.

ஐந்து தடவை இதைச் செய்யப் பொறுமை இல்லையா? எனக்கும் இல்லை. கேபிளும், கணினியிலிருந்தே செட்டின் மெமரியை நிரப்பும் சிர்ப் மென்பொருளும் இருந்தால் முதலில் செட்டில் இருப்பதை இறக்கி ஒரு நகல் சேமித்துக்கொள்ளுங்கள், இதைத் தவிர்க்கவே கூடாது. பிறகு டூப்ளெக்ஸ் கட்டத்தில் ஸ்ப்ளிட் (கேட்பதும் அனுப்புவதும் வேறு வேறு அலைவரிசை), ஆஃப்செட் கட்டத்தில் 145.990, டோன் மோடில் டோன், எண் 67.0. ஒரு வரியை முடித்து நான்கு முறை நகலெடுத்து, கேட்கும் அலைவரிசையை மட்டும் மாற்றினால் ஐந்து நிமிட வேலை. பெயரும் இங்கேதான் வைக்க முடியும், செட்டின் பட்டன்களில் அதற்கு வழியில்லை. ஐந்துக்கும் ஸ்கிப் போட்டுவிடுங்கள், ஸ்கேன் செய்யும்போது குறுக்கே வராது. கேபிள் பிளக் கடைசிவரை உள்ளே போயிருக்கிறதா என்றும் பாருங்கள், 'செட் பதில் தரவில்லை' என்று வரும் பிழைக்குப் பாதி நேரம் அதுதான் காரணம்.

நிலையம் தொடுவானத்தில் எழும்போது முதல் சேனலில் இருங்கள், ஸ்க்வெல்ச் (இரைச்சலை அடைக்கும் அமைப்பு) 0. இரைச்சல் கூடி குரல் கரகரத்தால் அடுத்த சேனல்; உச்சியில் இருக்கும்போது மூன்றாவது, அந்த இடத்தில் மாற்றம் வேகமாக வரும், விரலை அம்புக்குறி மேலேயே வைத்திருங்கள். பேசும்போது இந்த செட்டில் நம் குரல் திரும்பி வருவது கேட்காது, அதனால் கால்சைனும் (உரிமத்தோடு வரும் அழைப்புக் குறி) கிரிட்டும் (இருக்கும் இடத்தைச் சொல்லும் குறியீடு, சென்னை என்றால் என்கே03) சொல்லிவிட்டு உடனே பிடிடியை, அதாவது பேச அழுத்தும் பட்டனை, விட்டுவிடுங்கள். ஹேம் உரிமம் இல்லாதவர்கள் அதைத் தொடவே வேண்டாம். ரிப்பீட்டர் எல்லா நாளும் ஓடாது, சில நாள் அணைந்திருக்கும். அதற்காக 145.800-ஐயும் ஆறாவதாகப் போட்டு வையுங்கள், விண்வெளி வீரர்கள் பள்ளிப் பிள்ளைகளோடு பேசுவது பெரும்பாலும் அதில்தான் வரும்.