ஐப்பசி முதல் தை வரை: கடலோரக்காரருக்கு அன்றாட வானிலைக் கணக்கு

சோழமண்டலக் கரையில் குளிர்காலத்துக்கு ஸ்வெட்டர் வேண்டியதில்லை. கடலோர நிலையம் ஒன்றில் குறைந்தபட்ச வெப்பநிலை 15 டிகிரியோ அதற்குக் கீழேயோ இறங்கினால்தான் இந்திய வானிலைத் துறை குளிர் அலை என்ற பேச்சையே எடுக்கும். சென்னையில் ஜனவரி இரவுகள்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். இங்கே ஆளைச் சாய்ப்பவை வேறு: அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை, அது ஓய்ந்தபின் விடியலில் இறங்கும் மூடுபனி, இரண்டு காலத்திலும் கொந்தளிக்கும் கடல்.

"புயல் வருமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அது பாதிக் கேள்வி. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியபோது கடலில் பெயர் வைத்த புயல் எதுவும் இல்லை. குமரிக்கடல் பக்கம் ஒரு வளிமண்டலச் சுழற்சி மட்டும்தான். அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திரத்தின் பாபட்லா அருகே, மூழ்கியது சென்னை. ஆகவே தினமும் கேட்க வேண்டியவை மூன்று. எத்தனை செ.மீ.? எந்த நேரத்தில்? விழுந்த தண்ணீர் எங்கள் தெருவிலிருந்து எப்படி வெளியேறும்?

எட்டரை மணிக் கணக்கு

வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடிகிறது. "இன்று காலை வரை 12 செ.மீ." என்றால் அதில் பெரும்பகுதி நேற்று மாலையிலும் இரவிலும் பெய்தது. இது தெரியாமல் நேற்றைய மழையையும் இன்றைய மழையையும் இரண்டு முறை எண்ணிக் கலங்குகிறவர்கள் அதிகம்.

அறிக்கையில் வரும் சொற்களுக்கு அளவு உண்டு. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. என்றால் கனமழை, 12 முதல் 20 என்றால் மிக கனமழை, 20-க்கு மேல் அதி கனமழை. பொதுவாக மஞ்சள் எச்சரிக்கை முதலாவதையும், ஆரஞ்சு இரண்டாவதையும், சிவப்பு மூன்றாவதையும் ஒட்டி வரும். "ஓரிரு இடங்களில்" என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால்வாசிக்கு மிகாமல் என்பது அதன் பொருள். "ஒரு சில இடங்களில்" என்றால் கால் முதல் பாதி வரை. "ஓரிரு இடங்களில் மிக கனமழை" என்று சொல்லிவிட்டு உங்கள் ஊரில் தூறல்கூட விழவில்லை என்றால் அறிக்கை பொய்த்துவிட்டது என்று ஆகாது. பக்கத்து வட்டத்தில் 15 செ.மீ. பெய்திருக்கும்.

உங்கள் தெருவின் கணக்கு உங்களிடம் இருந்தால்தான் இந்த எண்களுக்கு உயிர் வரும். அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள, தட்டை அடியுள்ள பாத்திரம் ஒன்று போதும். மொட்டைமாடியில், சுவரின் உயரத்தைப் போல் இரண்டு மடங்காவது சுவரிலிருந்து தள்ளி, சாயாமல் வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு அளவுகோலை விட்டுப் பாருங்கள்: உள்ளே ஒரு செ.மீ. தண்ணீர் என்றால் ஒரு செ.மீ. மழை. வாய் அகன்று அடி குறுகிய வாளி அளவை ஏற்றிக் காட்டும். ஒரு பருவம் குறித்து வைத்தால், "எங்கள் தெருவில் 6 செ.மீ.க்குக் கணுக்கால் அளவு, 10 செ.மீ.க்குப் படி ஏறும்" என்று சொல்ல முடியும். எந்தச் செயலியும் தராத தகவல் அது.

நேரம்

இந்தப் பருவத்தில் கடலோர மழைக்கு ஒரு வழக்கம் உண்டு. பின்னிரவிலும் விடியலிலும் வலுக்கும். பெரும்பாலான நாட்களில் முற்பகலுக்கு மேல் வெளுக்கும். இரவில் நிலம் குளிர்ந்து நிலக்காற்று கடலை நோக்கி நகர்கிறது. எதிரே வரும் வடகிழக்குக் காற்றோடு அது கரைக்கு அருகே முட்ட, மேகம் அங்கேயே எழுகிறது. பகல் வெயிலைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பது இதனால்தான். வண்டியை மேட்டுக்கு மாற்றுவது, மருந்து வாங்குவது, தொட்டி நிரப்புவது எல்லாம் மாலை அறிக்கை பார்த்த கையோடு, இரவு 9 மணிக்குள் முடிய வேண்டிய வேலைகள்.

ரேடார் படத்தில் ஒற்றைப் படத்தைப் பார்த்துப் பயனில்லை. கடைசி ஒரு மணி நேரத்துப் படங்களை ஓடவிட்டு, கடலில் இருக்கும் மழைப்பட்டை எத்தனை கி.மீ. நகர்ந்தது என்று பாருங்கள். ஒரு மணி நேரத்தில் 30 கி.மீ. நகர்ந்து, இப்போது 60 கி.மீ. தள்ளி இருந்தால் உங்களுக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. பட்டை குறுக்கே வந்து கடந்துபோனால் அரைமணி மழை. பட்டையின் நீளவாக்கிலேயே மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உங்கள் ஊர் மேல் ஏறி வந்தால் அதுதான் வெள்ளம். நிறம் எவ்வளவு சிவப்பு என்பதைவிட இதைக் கவனியுங்கள்.

நெட் இல்லாவிட்டால் காற்று சொல்லும். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். தாழ்வுப் பகுதி, அதாவது புயல் சின்னம், உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். வாடை, அதாவது வடகாற்று, பலமாக வீசினால் சின்னம் கிழக்கே கடலில் இருக்கிறது. காற்று கொண்டலாக, கிழக்கிலிருந்து, திரும்பினால் சின்னம் தெற்கே. கடல் ஈரம் நேராக உங்கள் மேல் ஏறுகிறது, மழை நீடிக்கும். வடமேற்குக்குத் திரும்பினால் அது வடகிழக்கே விலகியிருக்கிறது, தரையிலிருந்து வரும் காற்று வறண்டது, மழை பெரும்பாலும் குறையும்.

பெயர்களும் எண்களும்

தாழ்வு மண்டலம் (மணிக்கு 31 முதல் 50 கி.மீ.), ஆழ்ந்த தாழ்வு மண்டலம் (51 முதல் 62), புயல் (63 முதல் 88), தீவிரப் புயல் (89 முதல் 117) என்பதெல்லாம் காற்றின் வேகத்தை வைத்துச் செய்த வகுப்பு. மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "வலுவிழந்தது" என்ற செய்தியைக் கேட்டுவிட்டுப் படுக்கப் போகிறவர்கள், மெதுவாக நகரும் தாழ்வு மண்டலம்தான் அதிகத் தண்ணீர் கொட்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் அப்படித்தான் அங்கேயே நின்று பெய்தது.

துறைமுகக் கூண்டு எண்களைத் தொலைக்காட்சியில் விலைவாசி ஏறுவதுபோல் வாசிப்பார்கள். 1, 2 புயல் சின்னம் தொலைவில் இருப்பதற்கு. கடலுக்குள் போகும் கப்பல்களுக்கான தகவல். 3, 4 துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரக்கூடும் என்பதற்கு. 5, 6, 7 மூன்றும் ஒரே வலுவுள்ள புயலைக் குறிப்பவை. புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதில்தான் வேறுபாடு. 8, 9, 10-ம் அதேபோல, தீவிரப் புயலுக்கு. 11 என்றால் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

புயலின் கண் உங்கள் ஊர் மேல் கடந்தால் காற்று சட்டென அடங்கும், சில நேரம் வானம்கூடத் தெளியும். வெளியே வராதீர்கள். கிழக்கிலிருந்து மேற்கே வரும் புயலில் முதல் பாதி வடகாற்று, கண் கடந்ததும் தென்காற்று. முதல் பாதியில் வேர் தளர்ந்த மரம் இரண்டாவது பாதியில் எதிர்ப்பக்கம் சாய்கிறது.

வீட்டில்

மொட்டைமாடிதான் முதல் வேலை. ஆயிரம் சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை என்றால் 9,300 லிட்டர். இரண்டு வடிகுழாய்களில் ஒன்றை வேப்பிலைச் சருகு அடைத்தாலே தண்ணீர் தேங்கத் தொடங்கும், 30 செ.மீ. தேங்கினால் ஒவ்வொரு சதுர மீட்டர் தளத்தின் மேலும் 300 கிலோ பாரம். குழாய் வாயில் குமிழ்போல் எழும்பிய வலைமூடி போடுங்கள். தட்டையான மூடியின் மேல் ஒரு பாலிதீன் பை விழுந்தால் போதும், கதை முடிந்தது.

மேல்நிலைத் தொட்டியை நிரப்பி வையுங்கள். கரண்ட் போனால் மோட்டார் ஓடாது என்பது ஒன்று. காலி பிளாஸ்டிக் தொட்டி புயல் காற்றில் பறக்கும், நிறைந்த தொட்டி பறக்காது என்பது இன்னொன்று.

தண்ணீர் வாசல்படியைத் தொடும் முன்பே மெயின் சுவிட்சை அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு அணைக்கப் போகக் கூடாது. பலரும் மறப்பது இன்வெர்ட்டரை. மெயின் அணைந்ததும் அது தானாக ஓடத் தொடங்கி, தரையோரப் பிளக்குகளுக்கு 230 வோல்ட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதையும் அதன் சுவிட்சிலேயே நிறுத்துங்கள். மின்கசிவு ஏற்பட்டால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் பருவம் தொடங்கும் முன் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அது சுவரில் மாட்டிய பொம்மை.

சம்புக்குள் வெள்ளம் இறங்கியிருந்தால் பிளீச்சிங் பவுடரை அப்படியே கொட்டிக் கலக்குவது வீண். சேறு குளோரினைத் தின்றுவிடும். முழுக்க இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடரை ஒரு வாளியில் கரைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். வாசனை போன பழைய பவுடரில் வீரியம் இருக்காது.

தெருவில்

வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைத் தள்ளும், ஒரு அடியில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும், இரண்டு அடியில் பெரும்பாலான வண்டிகள் போய்விடும். சுரங்கப்பாதையில் ஆழம் வெளியே தெரியாது. முன்னால் போன பேருந்தை நம்பி இறங்க வேண்டாம், அதன் சக்கரம் வேறு உயரம்.

நடப்பதாக இருந்தால் குடையை மூடிக் கோலாக்கி முன்னால் ஊன்றிப் போங்கள். தண்ணீர் ஓரிடத்தில் சுழன்று இறங்கினால் அங்கே திறந்த குழி. மின்கம்பம், அதன் இழுவைக் கம்பி, தெருவோர மின்பெட்டி எதையும் தொடாதீர்கள். காலில் சுரீர் என்று உணர்ந்தால் நீட்டி எட்டு வைக்காமல், பாதங்களைச் சேர்த்து உரசி உரசிப் பின்வாங்குங்கள். அறுந்த கம்பிக்கு மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070.

இருசக்கர வண்டி தண்ணீரில் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் ஏறும்போது கனெக்டிங் ராட் வளைந்துவிடும். தள்ளிக்கொண்டு போய், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கிக்கரை உதைத்துத் தண்ணீரை வெளியேற்றி, ஏர் ஃபில்டரையும் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் மாற்றாமல் ஓட்டவே கூடாது.

ஆற்றோரத்தில் இருப்பவர்கள் ஏரி மட்டத்தோடு, கடல் ஏற்றம் உயரும் அமாவாசை, பௌர்ணமியையும் பார்க்க வேண்டும். செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு உயரம் 24 அடி. அதை நெருங்கும்போது திறக்கும் உபரிநீர் அடையாற்றில் வரும். அந்த நேரம் கடல் ஏற்றமாக இருந்தால் முகத்துவாரம் வாங்காது, தண்ணீர் பின்னால் ஏறும். ஏற்றம் ஒரு நாளில் இரண்டு முறை, நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும்.

கடலில்

"மணிக்கு 45 முதல் 55 கி.மீ., இடையிடையே 65" என்ற வரி வந்தால் படகு கரையில்தான். குளிக்கப் போகிறவர்களுக்கு ஆபத்து வெயில் நாளில்: மழை விட்டும் அலை அடங்கியிருக்காது. நுரைக்கும் அலைகளுக்கு நடுவே அமைதியாக, கலங்கிய நிறத்தில் ஒரு சந்து தெரிந்தால் அங்குதான் தண்ணீர் கடலுக்குள் இழுக்கிறது. சிக்கினால் கரையை நோக்கி நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகி, பிறகு திரும்புங்கள்.

மூடுபனி

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. முந்தைய நாள் ஈரம், தெளிந்த வானம், அசையாத காற்று மூன்றும் சேர்ந்தால் விடியலில் மூடுபனி. பார்வை ஒரு கிலோமீட்டருக்குக் கீழே போனால்தான் கணக்கில் அதற்கு அந்தப் பெயர். ஏரியோரச் சாலைகளில் முதலில் இறங்கும். போகிப் புகை கலந்த விடியல் தனி ரகம். 2018-இல் சென்னை விமான நிலையத்தில் விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்ப வேண்டியிருந்தது. ஆஸ்துமா உள்ளவர்கள் அன்றைக்கு நடைப்பயிற்சியை எட்டரைக்கு மேல் வைத்துக்கொள்ளலாம்.

வண்டியில் தாழ்ந்த ஒளி மட்டும் போடுங்கள். ஹை பீம் பனியில் பட்டு உங்கள் கண்ணிலேயே திரும்பும். ஓடும்போது நான்கு இண்டிகேட்டரையும் மின்னவிடாதீர்கள், பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா திரும்புகிறீர்களா என்று புரியாது. கண்ணாடி வெளியே நனைந்தால் வைப்பர், உள்ளே மங்கினால் ஏ.சி.யை ஓடவிட்டுக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். துணியால் துடைத்தால் எண்ணெய்ப் படலம் பரவி, எதிர் வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியாமல் போகும்.