பழைய கணினியில் கேம் லேக் ஆகாமல் ஓட: தில்லிக் கோடையையும் கணக்கில் கொண்ட செய்முறை விளக்கம்

அலுவலகங்களில் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு விற்பனைக்கு வந்த கணினிதான், 4 அல்லது 8 ஜி.பி. ரேமோடு, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல், தில்லியில் பல தமிழ் வீடுகளில் பிள்ளைகளுக்கு முதல் கணினியாக அமைகிறது. அதில் வேலரன்ட், மைன்கிராஃப்ட், ஜி.டி.ஏ. 5 போன்றவற்றை ஓட்டும்போது படம் விட்டுவிட்டு நகர்கிறது என்றால், உடனே புதுக் கணினிக்குப் பணம் சேர்க்கத் தொடங்க வேண்டியதில்லை. தடை எங்கே இருக்கிறது என்று முதலில் அளந்து பார்த்து, பிறகு சூட்டைக் குறைத்து, ரேமைச் சரிசெய்து, கடைசியில் கேமின் அமைப்புகளுக்கு வர வேண்டும். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் கேமின் அழகையும் இழந்து வேகத்தையும் பெறாமல் நிற்கிறார்கள்.

படி 1: அளந்து பாருங்கள்

திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் படங்களைப் பிரேம் என்பார்கள். விநாடிக்கு 60 பிரேம்கள் வேண்டும் என்றால், ஒவ்வொரு பிரேமையும் வரைந்து முடிக்கக் கணினிக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடி. 30 பிரேம்கள் போதும் என்றால் 33.3 மில்லி விநாடி. சராசரி எண் 50 என்று காட்டினாலும், இடையில் ஒரே ஒரு பிரேம் 100 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால் அது கண்ணுக்கு ஒரு வெட்டலாகத் தெரியும். ஆகவே சராசரியை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

விண்டோஸ் விசையையும் ஜி விசையையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும் கேம் பாரில், பெர்ஃபார்மன்ஸ் என்ற சிறு பெட்டி இருக்கும். சி.பி.யு. (கணக்கிடும் மையச் சில்லு), ஜி.பி.யு. (படம் வரையும் பகுதி), ரேம் (தற்காலிக நினைவகம்) ஆகியவற்றின் பயன்பாடும், விநாடிக்கு எத்தனை பிரேம் என்று சொல்லும் எஃப்.பி.எஸ். எண்ணும் அதில் தெரியும், எஃப்.பி.எஸ். தெரிய முதல்முறை அனுமதி கொடுத்துக் கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும், அதில் சி.பி.யு. ஓடும் வேகம் கிகாஹெர்ட்ஸ் கணக்கில் தெரியும். வெப்பநிலையைப் பார்க்க எச்.டபிள்யு. மானிட்டர் என்ற இலவச மென்பொருள் போதும்.

கேமில் ஒரே இடத்தைத் தேர்ந்துகொண்டு, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் விளையாடி, தொடக்கத்தில் இருந்த எண்களையும் முடிவில் இருந்த எண்களையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். தொடக்கம் முதலே எஃப்.பி.எஸ். குறைவாக இருந்து, ஜி.பி.யு. பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் நின்றால், கிராபிக்ஸ் வேலைதான் மிகுதி என்று பொருள். இடையிடையே மட்டும் நின்று நின்று போகிறது, அந்த நேரத்தில் ரேம் 90 சதவீதத்தைத் தாண்டி டிஸ்க்கும் 100 சதவீதத்தைத் தொடுகிறது என்றால், ரேம் போதவில்லை. நன்றாகத் தொடங்கிப் பத்து நிமிடங்களுக்குப் பிறகு தளர்கிறது, சி.பி.யு. வேகமும் கூடவே இறங்குகிறது என்றால், அது பெரும்பாலும் சூடு. சி.பி.யு.வைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை தேவை: மொத்தப் பயன்பாடு 50 சதவீதம் என்று காட்டினாலும், கேம் நம்பியிருக்கும் ஒரு கோர் (சி.பி.யு.வின் உட்பகுதிகளில் ஒன்று) மட்டும் முழுவதுமாக நிரம்பியிருக்கலாம். ஆன்லைன் கேமில் எஃப்.பி.எஸ். சீராக இருந்தும் பிங் எண் (சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்) மட்டும் ஏறினால், குறை இணைய இணைப்பில் இருக்கிறது. கீழே சொல்லப்படும் எதுவும் அதற்கு உதவாது.

படி 2: சூட்டைக் குறையுங்கள்

தில்லியில் இருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. ஃபேனும், சூட்டை உறிஞ்சும் உலோகத் தகடான ஹீட் சிங்கும் சி.பி.யு.வின் சூட்டை அறைக் காற்றுக்குத்தான் கடத்துகின்றன; அறையைவிடக் குளிராக அவற்றால் எதையும் ஆக்க முடியாது. அறை 20 டிகிரியில் இருக்கும் பிப்ரவரியில் 80 டிகிரியில் ஓடிய அதே சி.பி.யு., அறை 38 டிகிரிக்குப் போகும் ஜூன் மாதத்தில் அதே கேமுக்கு 98 டிகிரியை நெருங்கும். இன்டெல் சி.பி.யு.க்கள் பலவற்றுக்கு 100 டிகிரிதான் எல்லை என்பதால், அதை நெருங்கியதும் சி.பி.யு. தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் சரியாக ஓடிய கேம் கோடையில் லேக் ஆவதற்கு வைரஸைத் தேடுபவர்கள் முதலில் இதைத்தான் தேட வேண்டும்.

தூசி இந்தச் சிக்கலை இரட்டிப்பாக்குகிறது. கோடையில் வீசும் லூ காற்றோடு வரும் நுண்ணிய மண், லேப்டாப்பின் ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துணிபோல் படிந்துவிடும். வெளியிலிருந்து ஊதினால் அது உள்ளேயே இடம் மாறுமே தவிர வெளியே வராது. பின்மூடியைத் திறந்துதான் எடுக்க வேண்டும். கணினியை அணைத்து, சார்ஜரையும், கழற்ற முடிந்தால் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். உலோகம் ஒன்றைத் தொட்டு உங்கள் உடலில் உள்ள நிலைமின்னூட்டத்தை இறக்கிய பின், ஃபேன் சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷாலும் கையடக்க புளோயராலும் தூசியை அகற்றுங்கள். சி.பி.யு.வின் மேல் தடவியிருக்கும், சூட்டை ஹீட் சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் ஆண்டுகள் பல கடந்து காய்ந்து போயிருந்தால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவுக்கு மேற்படாமல் வைக்க வேண்டும். லேப்டாப்பைத் திறந்து பழகாதவர்கள் இதைக் கடையில் கொடுத்துச் செய்துகொள்வதே நல்லது.

லேப்டாப்பை மெத்தையின் மீது வைக்காமல், மேசையில் பின்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி வையுங்கள். நம் வீடுகளில் ஏர் கூலர் அதிகம். அறையின் சூட்டை அது குறைப்பது கணினிக்கும் நல்லதுதான் என்றாலும், அதன் ஈரக்காற்று கணினியின் மீது நேராக அடிக்கும் இடத்தில் கணினியை வைக்கக் கூடாது. ஈரத்தோடு சேரும் தூசி பசையாக ஒட்டிக்கொண்டு, பிறகு பிரஷ்ஷுக்கும் அசையாது.

இன்டெல் லேப்டாப்களில் பலருக்குத் தெரியாத ஒரு வழியும் உண்டு. பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் மேக்சிமம் பிராசசர் ஸ்டேட் என்பதை 100-லிருந்து 99 ஆக மாற்றினால், பெரும்பாலானவற்றில் டர்போ வேகம் (சி.பி.யு. வழக்கத்தைவிடக் கூட்டிக்கொள்ளும் வேகம்) நின்றுவிடும். வேகத்தைக் குறைத்து வேகம் பெறுவதா என்று தோன்றலாம். ஆனால் சி.பி.யு.வும் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸும் ஒரே மின்சார அளவையும் ஒரே ஹீட் சிங்கையும் பகிர்ந்துகொள்வதால், சி.பி.யு. விட்டுக்கொடுப்பது கிராபிக்ஸுக்குக் கிடைத்து, எஃப்.பி.எஸ். ஏறி இறங்காமல் நிலையாக நிற்பது உண்டு. சி.பி.யு.வை அதிகம் நம்பும் கேம்களில் இது எதிர்ப்பலனும் தரலாம் என்பதால், மாற்றிய பின் அளந்து பார்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: ரேமைக் கவனியுங்கள்

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில், கிராபிக்ஸுக்கும் சேர்த்து நினைவகமாக இருப்பது ரேம்தான். 2400 வேகம் கொண்ட டி.டி.ஆர்.4 ரேம் ஒன்றே ஒன்று இருந்தால், விநாடிக்கு அதிகபட்சம் 19.2 ஜி.பி. தரவு கடக்கும், இரண்டு ரேம்கள் இரண்டு சேனல்களில் (தரவுப் பாதைகளில்) இருந்தால் 38.4 ஜி.பி. கடக்கும். அதனால் 8 ஜி.பி. ஒரே ரேமாக இருப்பதைவிட 4 ஜி.பி. வீதம் இரண்டாக இருப்பது இத்தகைய கணினிகளுக்கு நல்லது. இருக்கும் 8 ஜி.பி.யோடு இன்னொரு 8 சேர்ப்பது அதைவிட நல்லது. செலவு செய்ய ஓரளவு பணம் இருந்தால், அதை முதலில் இதற்குத்தான் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டாஸ்க் மேனேஜரின் மெமரி பகுதியில் எத்தனை ஸ்லாட்டுகளில் (ரேம் செருகும் இடங்களில்) எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று பல கணினிகளில் தெரியும். ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் தில்லியின் கணினிச் சந்தையான நேரு பிளேஸுக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். டி.டி.ஆர்.3 ஸ்லாட்டில் டி.டி.ஆர்.4 பொருந்தாது, டெஸ்க்டாப்பின் நீள ரேம் லேப்டாப்பில் பொருந்தாது. தில்லிக்குப் புதிதாக வந்து இந்தி பழகாதவர்கள் இதையெல்லாம் விளக்கிச் சொல்லத் தயங்க வேண்டாம். இருக்கும் ரேமைக் கழற்றி எடுத்துச் சென்று காட்டினால், அதில் ஒட்டியிருக்கும் தாளே வகை, அளவு, வேகம் அனைத்தையும் சொல்லிவிடும். லேப்டாப்பையே கொண்டுபோய், அங்கேயே பொருத்தி ஆன் செய்து, முழு அளவும் தெரிகிறதா என்று பார்த்த பின் பில்லோடு வாங்குவது இன்னும் பாதுகாப்பானது.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் சுழலும் தட்டு இல்லாத, வேகமான எஸ்.எஸ்.டி. போட்டால் கேம் திறக்கும் நேரமும் இடையில் ஏற்படும் நிற்றலும் குறையும், எஃப்.பி.எஸ். எண் அதனால் உயராது.

படி 4: கேமின் அமைப்புகள்

முதலில் ரெசல்யூஷனை, அதாவது படத்தில் உள்ள பிக்சல் புள்ளிகளின் எண்ணிக்கையை, மாற்றுங்கள். 1920×1080 என்பது ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள். 1280×720 என்பது 9.2 லட்சம். ஒவ்வொரு பிரேமுக்கும் வரைய வேண்டியது பாதிக்கும் கீழே போகிறது என்பதால், ஜி.பி.யு. திணறும் கணினிக்கு இதைவிடப் பெரிய நிவாரணம் வேறில்லை. கேமில் எஃப்.எஸ்.ஆர். என்ற வசதி இருந்தால் அதையும் முயன்று பாருங்கள், ஏ.எம்.டி. 2021-இல் வெளியிட்ட இது, குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுகிறது, இதன் பழைய பதிப்புகள் இன்டெல் கிராபிக்ஸிலும் இயங்குகின்றன.

அடுத்து நிழல்களைக் குறையுங்கள். ஆம்பியன்ட் அக்லூஷன் (மூலை முடுக்குகளில் விழும் மெல்லிய நிழல்), மோஷன் பிளர் (அசைவில் படம் மங்குவது) ஆகியவற்றை அணைத்துவிடுங்கள். டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) தரத்தைக் குறைப்பது நினைவகம் போதாதபோது மட்டுமே பயன் தரும். சி.பி.யு. திணறினால் இவற்றால் பெரிய பயன் இல்லை. பார்வைத் தூரத்தையும் கேமில் நடமாடும் மக்கள் கூட்டத்தின் அளவையும்தான் குறைக்க வேண்டும். மைன்கிராஃப்டில் ரெண்டர் டிஸ்டன்ஸ் 12 என்றால் உங்களைச் சுற்றி 25×25, அதாவது 625 சங்க்குகளைக் (கேம் உலகின் துண்டுகளைக்) கணினி சுமக்கிறது. 8 என்றால் 289 மட்டுமே.

விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் 60 ஹெர்ட்ஸ் திரையில் எஃப்.பி.எஸ். 45-க்கும் 28-க்கும் இடையே அலைகிறது என்றால், அதை 30-இல் கட்டிவையுங்கள். ஒவ்வொரு பிரேமும் திரையில் சரியாக இரண்டு முறை வரும் என்பதால் அசைவு சீராகத் தெரியும், கணினியும் குறைவாகச் சூடாகும். வேலரன்ட் போன்று குறிபார்த்துச் சுடும் கேம்களுக்கு இது பொருந்தாது. அங்கே தரத்தை இன்னும் இறக்கியாவது 60-ஐ எட்ட வேண்டும், பிரேம்களைத் திரையின் புதுப்பிப்போடு ஒத்திசைக்கும் வி-சிங்க்கையும் அணைத்துவிட வேண்டும்.

படி 5: விண்டோஸில் சில சிறு வேலைகள்

சார்ஜரைச் செருகியே விளையாடுங்கள். பவர் மோடை பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள். ஸ்டார்ட்அப் பட்டியலில் தேவையற்றவற்றை நிறுத்தி, விளையாடும் நேரத்தில் பிரவுசரை மூடிவிடுங்கள். கிராபிக்ஸ் டிரைவரை இன்டெல், ஏ.எம்.டி. அல்லது என்விடியாவின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

கேம் பூஸ்டர், ரேம் கிளீனர் என்ற பெயரில் வருபவற்றை நிறுவ வேண்டாம். சும்மா இருக்கும் ரேமில் விண்டோஸ் அடுத்துத் தேவைப்படக்கூடிய தரவை வைத்திருக்கிறது. அதைத் துடைத்தால், கேம் அதே தரவை மீண்டும் டிஸ்க்கிலிருந்து படிக்க வேண்டியதாகி, நிற்றல் கூடும். அவற்றில் பல விளம்பரத்தையும் கூடவே கொண்டுவருகின்றன.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே இடத்தில் அதே நேரம் விளையாடி எண்களை எழுதுங்கள்; இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. இவ்வளவுக்குப் பிறகும் ஜி.பி.யு.தான் தடையாக நிற்கிறது, உங்களிடம் இருப்பது டெஸ்க்டாப் என்றால், அப்போது கிராபிக்ஸ் கார்டைப் பற்றி யோசிக்கலாம். அலுவலகக் கணினிகளின் பவர் சப்ளையில் கார்டுக்கென்று தனி ஒயர் பெரும்பாலும் இருக்காது. மதர்போர்டின் ஸ்லாட் வழியாகக் கிடைப்பது 75 வாட் மட்டுமே. ஆகவே ஜி.டி.எக்ஸ். 1650 வகையில் கூடுதல் பவர் ஒயர் கேட்காத கார்டாகப் பாருங்கள். கேபினெட் ஒடுக்கமானது என்றால் லோ புரொஃபைல் (உயரம் குறைந்த கார்டு) என்று கேட்டு வாங்குங்கள். கடைக்குப் போகும் முன் உள்ளே இருக்கும் இடத்தின் நீளத்தையும் உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.